காஞ்சிரங்குளத்து ஊற்றும் காளிமலைச் சுனையும்

சென்ற சித்திரையில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இல்லாளும் இரு மக்களுமாக நேத்திராவதி எக்ஸ்பிரஸில் ஏறினோம். கொங்கண் இருப்புப்பாதை 1998-ஆம் ஆண்டில் முழுவதும் திறக்கப்பட்ட பின்னர், மும்பையில் வாழும் தென்கோடித் தமிழர்க்குத் திருவனந்தபுரம் ஏறக்குறைய ஒன்றேகால் நாள் பயணமாகச் சுருங்கிவிட்டது. அங்கிருந்து நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டியில் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் காஞ்சிரங்குளம். அது நம் அன்னையார் பிறந்த ஊர்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோமாயினும், உண்மையில் நம்மை அழைத்தது மாமாவின் கடிதமே. பாட்டனார் விட்டுச் சென்ற முப்பது செண்டுப் புரையிடத்தை விற்பதென்று மாமா முடிவு செய்திருந்தார். அதில் அன்னையாருக்குப் பாதி. அன்னையார் காலமாகிவிட்டபடியால், ஒரே மகனாகிய நாம் வந்து கையொப்பம் இடவேண்டும். கடிதத்தின் இறுதியில், "ஊற்றும் அதில்தான் இருக்கிறது என்பது உனக்கு நினைவிருக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கசப்பு மரமும் இனிய நீரும்

காஞ்சிரம் என்பது எட்டி மரம். காய் முதல் பட்டை வரை கசப்பும் நஞ்சும் உடையது. அம்மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கிய ஊரில், தோண்டுமிடமெல்லாம் கசப்பற்ற நல்ல நீர் கிடைத்துவந்தது என்பது வியப்பே. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடல். தெற்கே பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கிறது. நடுவே தென்னையும் மரவள்ளியும் வாழையும் நிறைந்த செம்மண் மேடுகள், மேடுகளுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் ஏலாக்கள். ஏலா என்பது அந்நாட்டார் வயல்வெளிக்கு இட்ட பெயர். மேட்டுக்கும் ஏலாவுக்கும் இடைப்பட்ட சரிவிலேதான் ஊற்றுகள் பிறக்கின்றன.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோடு கிழித்த பின்னரும் அக்காள் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமுமாக வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. நம் அன்னையாரும் அவ்வாறு கோட்டைக் கடந்து விளவங்கோட்டுக்கு வாழவந்தவரே. ஆதலின் சிறுபிராயத்தில் ஆண்டுக்கொருமுறை காஞ்சிரங்குளம் செல்வதும், சென்ற கையோடு ஊற்றங்கரைக்கு ஓடுவதும் நமக்கு வழக்கம்.

வீட்டுப் பின்புறத்து ஊற்று

மாமா வீட்டின் பின்வாசலைக் கடந்து, ஆஞ்சிலி மரத்தடியில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஐம்பது அடி சென்றால் ஊற்று. வெட்டுக்கல் சரிவின் அடியில், ஆள் உட்காரத்தக்க அளவுக்கு ஒரு குடைவு. அதன் பின்சுவரிலுள்ள ஒரு விரிசலிலிருந்து, மூங்கிற் குழாய் ஒன்றின் வழியாக நீர் விழுந்துகொண்டிருந்தது. மூங்கில் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. கீழே கல் தொட்டி. தொட்டி நிரம்பி வழிந்த நீர் ஓடையாகி ஏலாவுக்குள் இறங்கிற்று. ஏலாவில் இப்போது நெல் இல்லை, வாழை இருக்கிறது.

நம் மகனுக்கு எட்டு வயது. மும்பையில் நாம் குடியிருக்கும் பகுதியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாய் திறப்பார்கள், ஏழு மணிக்கு மூடுவார்கள். அந்த ஒழுங்கையே பிறந்தது முதல் கண்ட பிள்ளை, ஊற்றின் முன் நெடுநேரம் நின்றிருந்துவிட்டு, "இதை எத்தனை மணிக்கு மூடுவார்கள், பாட்டா?" என்று மாமாவைக் கேட்டான். மாமா சிரித்தார். ஆனால் நம் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு பாதியிலே நின்றுவிட்டது.

குமாஸ்தா வேலை பார்ப்போருக்குக் கணக்குப் பார்க்கும் நோய் உண்டு. பதினைந்து லிட்டர் கொள்ளும் குடம் ஒன்றை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். குடம் நிரம்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்படியானால் நிமிடத்திற்கு 3 லிட்டர், நாளொன்றுக்கு 4,320 லிட்டர். 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி நாட்டுப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்கவேண்டிய அளவு 55 லிட்டர். அந்தக் கணக்கில், கோடையின் நடுவிலும் எழுபத்தெட்டுப் பேரைத் தாங்கக்கூடிய ஊற்று அது. அன்று அதில் நீரெடுக்க வந்தவர்களோ மூன்றே பேர். மற்ற வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டது.

முன்னாளில் அப்படியில்லை. வரிசையில் குடங்கள் காத்திருக்கும். வரிசையினும் கொடியது ஒன்றும் இருந்தது. பாட்டனாரின் இளமையில் அவ்வூற்றுக்கு மேற்படி, கீழ்ப்படி என இரு படிகள் இருந்தனவாம். மேற்படியில் கால் வைக்கக் கூடாதவர்கள் வழிந்தோடும் ஓடையிலேதான் மொண்டுகொள்ள வேண்டும். தண்ணீரைப் பிறப்பின்படி பங்கிட்ட கொடுமை பழைய திருவிதாங்கூரில் ஊர்தோறும் இருந்தது. அதனால்தான் அய்யா வைகுண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு கண்டு, எல்லோரும் ஒரே கிணற்றில் நீராடச் செய்தார். இவ்வூருக்கு வடகிழக்கே நெய்யாற்றங்கரையில் இருக்கும் அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டு ஆற்றிலிருந்து எடுத்த கல்லை நாராயண குரு சிவனாக நிறுவியதும் அந்தக் கொடுமைக்கு எதிராகத்தான். 1936-இல் திருவிதாங்கூர் அரசர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பாட்டனாரே கடப்பாரையோடு வந்து மேற்படியைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஒரே படியாக அமைத்தாராம். பெயர்த்த கல் இன்றும் ஆஞ்சிலி மரத்தடியில் கிடக்கிறது. மாமி அதன்மீதுதான் துணி துவைக்கிறார்.

காளிமலைப் பயணம்

மறுநாளே கையொப்பப் பேச்சு எழும் என்று எண்ணியிருந்தோம். மாமாவோ, "முதலில் காளிமலைக்குப் போய்வருவோம். உன் அம்மா பத்து வயதில் அங்கே சுனைநீர் குடித்தவள். பிள்ளைகளும் குடிக்கட்டும்" என்றார். விடியுமுன் கிளம்பினோம். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, அமரவிளை, காரக்கோணம் வழியாக வெள்ளறடையை அடைந்தோம். அங்கிருந்து ஆட்டோவில் பத்துகாணி. பெயர்ப்பலகைகள் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறியதைக் கண்டே எல்லையைக் கடந்துவிட்டோம் என்று அறிந்தோம். மண்ணின் நிறமோ மரங்களோ மாறவில்லை.

அடிவாரத்தில் ரப்பர் தோட்டங்கள். மரந்தோறும் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே செல்லச் செல்லத் தோட்டம் மெலிந்து, காடும் பாறையுமாயிற்று. சித்ரா பௌர்ணமிப் பொங்கல் விழா சில நாட்களுக்கு முன்னர்தான் முடிந்திருந்தது. பொங்கலிட்ட கற்கள் கரி படிந்து வழியெங்கும் கிடந்தன. விழாவுக்கு இரு மாநிலத்து மக்களும் திரளாக வருகின்றனர். அதே மலைத்தொடரின் பக்கத்துச் சிகரமாகிய குரிசுமலைக்குக் கிறித்தவ அன்பர்கள் தவக்காலத்தில் ஏறுகின்றனர்.

மாமாவுக்கு எழுபது வயது. பாறைக்குப் பாறை நின்று மூச்சு வாங்கினார். இடையில் உட்கார்ந்தபோதெல்லாம் நிலத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பதும், பிள்ளைகளைப் பார்த்து நிறுத்துவதுமாக இருந்தார். நாமும் கேட்கவில்லை.

உச்சியில் அம்மன் சந்நிதியும், தர்மசாஸ்தா, நாகர் சந்நிதிகளும் உள்ளன. அங்குள்ள வற்றாத சுனையைக் காளிதீர்த்தம் என்பர். அகத்திய முனிவர் தவம் செய்த இடம் இதுவென்றும், அவர் தவத்தால் எழுந்ததே அச்சுனை என்றும் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும், சுற்றிலும் வெயிலில் காய்ந்து சுட்டுக்கொண்டிருந்த பாறைகளின் நடுவே நீர் இருந்தது கண்கூடு. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தோம். பல் கூசும் குளிர்ச்சி. இனிப்பென்றோ உவர்ப்பென்றோ சொல்லத்தக்க சுவை ஒன்றும் இல்லை. நல்ல நீருக்கு அதுவே சுவை. மாமா ஒரு பாட்டிலில் நிரப்பி, மாமிக்கென்று துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் ஒருபுறம் அகத்தியர் மலை. 1,868 மீட்டர் உயரமுள்ள அதன் சாரலிலேதான் நெய்யாறு பிறக்கிறது. கீழே நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடுபோல் தெரிந்தது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கும் நீர் வந்துகொண்டிருந்தது. 2004-இல் அது நின்றுபோயிற்று. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நம் தந்தையாரின் ஊரில் அக்கால்வாய் வறண்டு புதர் மண்டிக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். "இந்தச் சுனை கேரளாவுடையதா, தமிழ்நாட்டுடையதா?" என்று மகள் கேட்டாள். "குடிப்பவருடையது" என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டு, "பார்த்துக்கொள்பவர் இருக்கும் வரையில்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஊற்று பிறக்கும் விதம்

காளிமலைச் சுனையும் காஞ்சிரங்குளத்து ஊற்றும் ஒரே வகையின அல்ல. காளிமலை கடும்பாறை. பாறையில் நீர் ஊறாது. பாறையின் வெடிப்புகளிலும், வெடிப்புகளை மூடிய மண்ணிலும் மரவேர்களிடையிலும் தங்கிய மழைநீர் மெல்லக் கசிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலுள்ள காட்டை அழித்து மண்ணை ஓடவிட்டால், சுனை அடுத்த கோடைக்கே வெறும் பள்ளமாகிவிடும்.

காஞ்சிரங்குளத்து மேடு வெட்டுக்கல்லால் ஆனது. இதனைத் தமிழில் செம்புரைக்கல் என்றும் கூறுவர். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு மெத்தென்றிருக்கும், வெட்டி வெளியே வைத்தால் காற்றும் வெயிலும் பட்டுச் செங்கல்லைப்போல் இறுகிவிடும். மலபாரிலுள்ள அங்காடிப்புறத்தில் இதனைக் கண்ட புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அலுவலர், 1807-இல் வெளியான தம் நூலில், செங்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைக் கொண்டு லாட்டரைட் எனப் பெயரிட்டார். இக்கல் முழுவதும் புழையும் துளையுமாக இருப்பதால், மேட்டில் பெய்யும் மழை விரைந்து உள்ளிறங்குகிறது. அடியில் வழுவழுப்பான களிமண் அடுக்கு ஒன்று உண்டு. அதைத் தாண்டி நீர் இறங்க இயலாமல், அதன்மேல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு எங்கே அந்த அடுக்கை வெட்டுகிறதோ அங்கே வெளிப்படுகிறது. இதுவே ஊற்று. வர்க்கலையில் கடற்கரைச் செங்குத்து மேட்டிலிருந்து நீர் வழிவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

இடவப்பாதி மழையும் துலாமழையும் மேட்டில் இறங்கி, கல்லின் துளைகளில் மெல்ல நகர்ந்து வர மாதக்கணக்கு ஆகிறது. ஆதலினாலே சித்திரை வெயிலில் நாம் குடிப்பது ஐப்பசியில் பெய்த மழை. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஊற்றின் உயிர் அதன் வாயில் இல்லை, அதற்கு மேலே இருக்கும் மேட்டில் இருக்கிறது. ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டுப் போட்டாலும், மேட்டைச் சிமெண்டால் மூடிவிட்டால் ஊற்று மாண்டுபோகும்.

இந்தியாவில் ஐம்பது இலட்சம் ஊற்றுகள் உண்டென்றும், அவற்றில் முப்பது இலட்சம் இமயமலைப் பகுதியில் உள்ளன என்றும், அங்குள்ளவற்றில் ஏறக்குறையப் பாதி வற்றிவருகின்றன என்றும் நிதி ஆயோக் 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறிற்று. சிக்கிம் மாநிலத்தார் 2008-இல் தாரா விகாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊற்றுக்கு மேலுள்ள சரிவுகளில் பள்ளங்களும் வரப்புகளும் வெட்டி, ஓடும் மழையை நிறுத்தி உள்ளிறக்கி, வற்றிய ஊற்றுகள் பலவற்றை மீட்டனர். வேண்டியது மண்வெட்டியும், நீர் எங்கிருந்து வருகிறது என்ற அறிவும், ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுமையுமே.

அப்படியே குடிக்கலாமா?

ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பலர், ஊற்றுநீர் என்றால் மருந்து என்று எண்ணிப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்கின்றனர். காளிமலையில் நாமும் குடித்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அது சரியன்று. கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் கிருமிகள் இருக்கக்கூடும். மேட்டில் மலக்குழிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், வெட்டுக்கல்லின் துளைகள் மழைநீரை மட்டுமன்றிக் கழிவுநீரையும் விரைவாகவே இறக்கிவிடுகின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வருவது மழைக்காலங்களில் கேரளத்தில் ஆண்டுதோறும் நிகழ்கிறது. 2024-ஆம் ஆண்டில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர் சிலருக்கு மூளையைத் தாக்கும் அமீபா நோய் கண்டது. அது குடிப்பதால் வருவதன்று, மூக்கின் வழியே புகுவது. தேங்கிய நீரில் பிள்ளைகளை மூழ்கவிடாதிருத்தல் நலம்.

வெட்டுக்கல் நீரில் இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை மிகுதி. ஆதலால் மாமி செய்வதே சிறந்த வழி. நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சுக்கோ பதிமுகப் பட்டையோ இட்டு ஆறவைக்கிறார். பதிமுகம் இட்ட நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். கேரளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அதைக் கண்டு மருண்ட அன்பர்கள் நம்முள் இருக்கலாம். நிறமும் மணமும் பட்டையினுடையவை. கிருமியைக் கொல்வது கொதிப்பே. ஊற்றையோ கிணற்றையோ நம்பியிருக்கும் வீட்டார், கேரள நீர்வள ஆணையத்தின் பரிசோதனைச் சாலையில் ஆண்டுக்கொருமுறை நீரைக் கொடுத்துச் சோதித்தறியலாம்.

மாமி சொன்ன சொல்

காளிமலையிலிருந்து திரும்பிய இரவு, உணவுக்குப் பின் பேச்சை நாமே தொடங்கினோம். நெடிய பிரசங்கமே செய்தோம் எனலாம். பாட்டனார் பெயர்த்த படியைப் பற்றிச் சொன்னோம். 2016-இல் பருவமழை பொய்த்து, கேரளம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதும் அவ்வூற்று வற்றவில்லை என்று மாமாவே முன்னர் எழுதியிருந்ததை நினைவூட்டினோம். இத்தகைய சொத்தை விற்பது அன்னையாரையே விற்பது போலாகும் என்றும் சொல்லிவிட்டோம்.

மாமா தலைகுனிந்திருந்தார். சுவரில் சாய்ந்திருந்த மாமிதான் மறுமொழி கூறினார். அவர் குரலில் சினம் இல்லை.

"மக்களே, போன வருஷம் எனக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நான் இப்போது நடப்பது அந்தக் கடனில்தான். வட்டி மாதந்தோறும் வருகிறது. நீ சொல்லும் ஊற்றில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் இடிந்து விழும். அதை வாருவது யார்? கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. இவர் எழுபது வயதில் குனிந்து வாருகிறார். ஊற்றைக் காக்கவேண்டும் என்று சொல்லுகிறவர்கள் எல்லோரும் தூரத்தில் இருக்கிறீர்கள். சேறு வாருகிறவர்கள் இங்கே இருக்கிறோம்."

இதற்கு நம்மிடம் விடை இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஊற்றை நினைத்து மகிழ்ந்திருந்தோமேயன்றி, அதற்காக ஒரு கூடைச் சேறு வாரியதில்லை, ஒரு நாட்கூலி அனுப்பியதில்லை. நமக்கு அது நினைவு, அவர்களுக்கு வேலை.

நமக்கும் ஒரு கணக்கு இருந்தது என்பதை மறைப்பது முறையன்று. பதினைந்து செண்டுக்கு வரும் பணத்தை நம்பி, டோம்பிவலியில் சிறு வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுப்பதென்று இல்லாளும் நாமும் பேசி வைத்திருந்தோம். விற்காதே என்று மாமாவிடம் சொல்லிய வாய் நம்முடையதே, பணத்தை எண்ணிய மனமும் நம்முடையதே. விடியற்காலையில் இல்லாள்தான், "மாமியின் கடனும் தீரவேண்டும், ஊற்றும் போகக்கூடாது என்றால், குறைய வேண்டியது நம் பங்குதான்" என்றாள்.

ஏற்பட்ட முடிவு

சாலையை ஒட்டிய இருபது செண்டுக்கே நல்ல விலை. அதில் மாமாவின் பதினைந்தும் நம்முடைய ஐந்தும் விற்பதென்றும், ஆஞ்சிலி மரத்தோடும் ஊற்றோடும் கூடிய பின்புறத்துப் பத்துச் செண்டை நம் பங்காக நிறுத்திக்கொள்வதென்றும் முடிவாயிற்று. ஊற்றுக்குச் செல்லும் பாதை விற்கும் நிலத்தின் ஓரமாகச் செல்வதால், வழிநடைக்கும் நீரெடுப்புக்கும் உள்ள உரிமையைப் பத்திரத்தில் அளவோடு எழுதச் செய்தோம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது வழக்காகியிருக்கும். கீழேயுள்ள ஏலா, வருவாய்ப் பதிவேட்டில் இன்றும் நெல்வயலாகவே இருப்பதால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை எளிதில் மண்ணிட்டு மூட இயலாது. அது ஒரு துணை. சேறு வாரும் கூலியை ஆண்டுக்கு இருமுறை நாம் அனுப்பிவிடுவது என்பதும் உடன்பாட்டில் சேர்ந்தது. டோம்பிவலி வீடு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.

எல்லாம் நலமாயிற்று என்று எழுதிவிடலாம். ஆனால் முன்னர் நாமே கூறியபடி, ஊற்றின் உயிர் மேட்டில் இருக்கிறது. நாம் விற்றது அந்த மேட்டையே. இருபது செண்டிலும் வீடு எழும்பி, முற்றமெல்லாம் சிமெண்டுக் கல் பாவினால், அங்கே பெய்யும் மழை சாலையோரச் சாக்கடைக்குப் போய்விடும். வாங்கியவரிடம் இதைச் சொன்னோம். நல்லவர்தான். கூரைநீரைக் குழியில் இறக்குவதாக வாக்களித்திருக்கிறார். அந்த வாக்கு பத்திரத்தில் இல்லை.

எஞ்சிய விடுப்பு நாட்களில் நம் பத்துச் செண்டில் நாமும் மாமாவும் பிள்ளைகளுமாக ஆறு மழைக்குழிகள் வெட்டினோம். ரெயில்வே ரசீதுகளில் முத்திரை குத்திப் பழகிய கைகள் இரண்டாம் நாளே கொப்பளித்துவிட்டன. மாமி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதிமுக நீரை ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பு நோவோடு அந்தச் சரிவில் இறங்கி வந்தார்.

நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு ஊரில் இப்படி ஒரு கிணறோ ஊற்றோ குளக்கரையோ பங்காக இருக்கும். பாகம் பிரிக்கையில் அதைக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். அதைப் பேணுகிறவர்களின் உழைப்பையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு குடமும் கைக்கடிகாரமும் கொண்டுசென்று, குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறதென்று குறித்து நம் சங்கத்துக்கு எழுதினால் நன்று. ஆண்டுதோறும் குறித்துவந்தால் ஊற்று வாழ்கிறதா மெலிகிறதா என்பது புலப்படும்.

நம் வீட்டில் அக்குறிப்பேடு மகனிடம் இருக்கிறது. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று கைப்பேசியில் மாமாவை அழைத்து, "எத்தனை நிமிடம், பாட்டா?" என்று கேட்கிறான். சித்திரையில் ஐந்து. இடவப்பாதி மழைக்குப் பின் மூன்று. ஆவணியில் மூன்றேகால். சாலையோர நிலத்தில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள் என்றும் மாமா சொன்னார். வரும் சித்திரைக்கு உரிய கட்டத்தை மகன் இப்போதே கோடு போட்டு வெறுமையாக வைத்திருக்கிறான்.